மாடல் நீராவி எஞ்சினுக்கு ஒரு ஃபீட் பம்பு



மாடல் எஞ்சின் கட்டுகிறவர்கள் சிலிண்டரைப் பற்றிப் பேசுவார்கள். வால்வு கியரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அது அச்சுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடக்கிற கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு. இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். ஏன் என்பதை முதலில் ஒரு கணக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றரை அங்குல கேஜ் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்டவாளங்களுக்கு இடையே 89 மி.மீ.; நிஜ எஞ்சினில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. உருவம் சிறியதென்றாலும், பின்னால் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். அதன் பாய்லரில் நீர்மட்டம் சுமார் 80 மி.மீ. அகலம், 250 மி.மீ. நீளம் என்று வையுங்கள். பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். நல்ல இழுவையில் நிமிடத்துக்கு 100 மி.லி. தண்ணீர் ஆவியாகிப் போனால், மட்டம் நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் இறங்குகிறது. கேஜ் கிளாஸில் கண்ணுக்குத் தெரிகிற உயரமே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். நிறைந்திருந்த கிளாஸ் ஐந்தாறு நிமிடத்தில் காலியாகிவிடும். அதற்குக் கீழே ஃபயர்பாக்ஸின் மேல்தகடு இருக்கிறது. தண்ணீர் விலகியதும் அந்தச் செம்புத் தகடு நெருப்பின் சூட்டை நேராக வாங்கும். சூடேற ஏறச் செம்புக்கு வலு குறையும். உள்ளேயிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பம்பின் வேலை என்ன என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நிஜ ரயில் எஞ்சின்களும் ஒரு காலத்தில் இந்தப் பாடுதான் பட்டன. 1858-இல் பிரான்சு நாட்டு ஆன்ரி ஜிஃபார் இன்ஜெக்டருக்குக் காப்புரிமை பெறும்வரை, பாய்லருக்குத் தண்ணீர் ஊட்ட எஞ்சினின் அசைவால் ஓடும் பம்புகளையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். எஞ்சின் ஓடினால்தான் பம்பு ஓடும். ஸ்டேஷனில் நிற்கும்போது தண்ணீர் குறைந்தால், எஞ்சினைத் தனியாகக் கழற்றி முன்னும் பின்னும் வெறுமனே ஓட்டி பாய்லரை நிரப்புவார்கள். அசையும் உறுப்பே இல்லாமல் நீராவியின் வேகத்தைக் கொண்டே தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டர் வந்ததும், பெரிய எஞ்சின்களில் பம்புக்கு மவுசு குறைந்தது. மாடலில் கதை வேறு. இன்ஜெக்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அதன் கூம்புத் துளைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகின்றன. ஒரு தூசி போதும், தொட்டித் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானால் போதும், வேலை நின்றுவிடும். அதனால்தான் அச்சு பம்பு மாடல் உலகத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. பெர்சிவல் மார்ஷல் 1898-இல் லண்டனில் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழில், 1920-கள் முதல் பல்லாண்டுகள் எழுதியவர் லாரன்ஸ். ‘எல்.பி.எஸ்.சி.’ என்பது அவருடைய புனைபெயர். அவர் வேலை பார்த்த ரயில்வேயின் எழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டார். நிலக்கரி போட்டு, நிஜமாகவே ஆளை இழுக்கிற சிறிய எஞ்சினை வீட்டுப் பட்டறையில் கட்ட முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் அவர். எஞ்சின் ஆளை இழுத்துக்கொண்டு தொடர்ந்து ஓட ஆரம்பித்த பிறகுதான் ஃபீட் பம்பு அலங்காரப் பொருளாக இருந்த நிலை மாறியது. மாடல் கட்டுகிறவர்களுக்கு அவர் செய்த உதவியை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, பம்புக்கு வருவோம். மேசையில் இருப்பது 8 மி.மீ. பிளஞ்சர், 10 மி.மீ. ஸ்ட்ரோக். அச்சில் ஏற்றிய எக்சென்ட்ரிக் ஒன்று பிளஞ்சரை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு குண்டு வால்வுகள். பிளஞ்சர் பின்வாங்கும்போது கீழ்க் குண்டு எழும்பித் தொட்டித் தண்ணீர் உள்ளே வருகிறது. முன்னேறும்போது கீழ்க் குண்டு அடைத்துக்கொள்ள, மேல் குண்டு எழும்பித் தண்ணீர் பாய்லர் பக்கம் போகிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. எக்சென்ட்ரிக்கை அச்சில் எந்தக் கோணத்தில் பூட்டினாலும் சரிதான். இதற்கு டைமிங் கிடையாது. எக்சென்ட்ரிக்கின் மையவிலகல் 5 மி.மீ. இருந்தால் ஸ்ட்ரோக் 10 மி.மீ. கிடைக்கும்.

5 கிலோ அழுத்தம் உள்ள பாய்லருக்குள் இந்தச் சின்னப் பம்பு எப்படித் தண்ணீரை நுழைக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பிளஞ்சரின் முகப்பரப்பு அரை சதுர சென்டிமீட்டர். அதன் மேல் வருகிற எதிர்விசை இரண்டரை கிலோதான். சர்க்கரைப் பொட்டலத்தை நகர்த்துகிற விசை. அதனால் வலுவுக்காகப் பம்பைப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். சிலிண்டர் 28 மி.மீ. விட்டம், ஸ்ட்ரோக் 44 மி.மீ. இந்த கேஜுக்கு இது சாதாரண அளவு. ஒரு ஸ்ட்ரோக்கில் 27 மி.லி. கொள்ளும். இரண்டு சிலிண்டர், இரு பக்கமும் வேலை செய்வதால் ஒரு சுற்றுக்கு நான்கு ஸ்ட்ரோக். ஆக 108 மி.லி. ஸ்ட்ரோக்கின் முக்கால் பங்கில் நீராவியை வெட்டினால் 81 மி.லி. 5 கிலோ அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீராவியின் எடை மூன்று கிராம் சொச்சம். எனவே ஒரு சுற்றுக்குக் கால் கிராம் தண்ணீர், அதாவது 0.25 மி.லி. செலவாகிறது. நம் பம்பு ஒரு சுற்றுக்குத் தள்ளுவது 0.5 மி.லி. இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்கு வீண் இல்லை. சிறிய சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருப்பதால் உள்ளே நுழைந்த நீராவியில் கணிசமான பங்கு தண்ணீராகிவிடும். கணக்கைவிடப் பாதியளவு கூடுதலாகவே செலவாகும். பம்பும் நூற்றுக்கு நூறு தள்ளாது. இரண்டையும் சேர்த்தால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைப் பைபாஸ் வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பிவிடலாம்.

பம்பு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 12 மி.மீ. பிளஞ்சர், 12 மி.மீ. ஸ்ட்ரோக் போடுகிறவர்கள் உண்டு. சுற்றுக்கு 1.36 மி.லி., தேவையில் ஐந்து மடங்குக்கு மேல். பைபாஸை மூடிய மாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் பாய்லருக்குள் கொட்டும், கேஜ் முள் கண்ணெதிரே இறங்கும், எஞ்சின் ஏற்றத்தில் நின்றுவிடும். சிறிதாக, விடாமல் ஊட்டுவதே பாய்லருக்கு ஆகும். மேசை மேல் வைத்து ஓட்டும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இது இன்னும் முக்கியம். 20 மி.மீ. விட்டம், 20 மி.மீ. ஸ்ட்ரோக், 2 கிலோ நீராவி என்றால் சுற்றுக்கு 0.016 மி.லி. தண்ணீர் போதும். 4 மி.மீ. பிளஞ்சர், 5 மி.மீ. ஸ்ட்ரோக் என்று எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் 0.063 மி.லி. தள்ளும். அங்கே பல்சக்கரம் போட்டு இரண்டுக்கு ஒன்றாக வேகத்தைக் குறைப்பதே வழி. வேகம் குறைந்தால் குண்டுகளுக்கும் உட்கார நேரம் கிடைக்கும்.

இப்போது, பம்பு கட்டுகிற பலரும் கோட்டை விடுகிற இடத்துக்கு வருகிறேன். புதுப் பம்பைப் பூட்டி ஓட்டுவார்கள். திறந்த வாயில் அருமையாகத் தண்ணீர் பீச்சும். பாய்லரில் இணைத்தால் ஒரு சொட்டும் போகாது. பிளஞ்சர் லூசு என்று நினைத்துப் புதிதாகக் கடைவார்கள். அப்போதும் போகாது. குற்றம் பிளஞ்சரில் இல்லை, உள்ளே சிக்கிய காற்றில் இருக்கிறது. பிளஞ்சர் முன்னேறி நின்ற பிறகும் இரண்டு குண்டுகளுக்கும் நடுவே மிஞ்சுகிற காலியிடம் ஒன்று உண்டு. அதில் காற்று இருந்தால், பிளஞ்சர் அழுத்தும்போது அது சுருங்கும், பின்வாங்கும்போது விரியும். மேல் குண்டு அசையவே அசையாது. 5 கிலோ பாய்லருக்கு எதிராக அந்தக் குண்டைத் தூக்க, காற்று தன் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியாக வேண்டும். நம் பம்பு ஒரு ஸ்ட்ரோக்கில் நகர்த்துவது 500 கன மி.மீ. அப்படியானால் மிச்ச இடம் 100 கன மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

அடங்குகிறதா, பாருங்கள். பிளஞ்சர் முனைக்கும் அடிச்சுவருக்கும் அரை மி.மீ. இடைவெளி விட்டால் அதில் 25. அங்கிருந்து குண்டறைக்குப் போகும் துளை 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. நீளம், அதில் 75. குண்டைச் சுற்றி ஒரு 50. மொத்தம் 150. பம்பு தோற்றுப்போகும். அந்தத் துளைக்குள் நுழைகிற மாதிரி பிளஞ்சரின் முனையில் 3.5 மி.மீ. தடிமனில் ஒரு முளையைக் கடைந்து விடுங்கள். 75 இருந்த இடத்தில் 18 ஆகிவிடும். மொத்தம் 93. இப்போது காற்றோடு மல்லுக்கட்டியும் பம்பு ஜெயிக்கும். லேத்தில் இரண்டு நிமிட வேலை. இந்த முளையைப் போல் குறைந்த உழைப்பில் நிறைந்த பலன் தரும் வேறொன்றை மாடல் பட்டறையில் எனக்குக் காட்ட முடியாது.

அடுத்தது குண்டும் அது உட்காரும் சீட்டிங்கும். உடம்புக்குக் கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் எடுங்கள். பித்தளை எளிதாகக் கடையும் என்றாலும், நாளடைவில் அதிலுள்ள துத்தநாகத்தைத் தண்ணீர் அரித்து, சீட்டிங் சொரசொரப்பாகிவிடும். டிரில் பிட் போட்ட துளை சரியான வட்டமாக இருக்காது. நுண்ணிய மூலைகளோடு இருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல குண்டை வைத்தாலும் ஒழுகும். ஆகவே சற்றுச் சிறிதாக டிரில் செய்து, 4 மி.மீ. ரீமரைக் கையால் மெல்ல ஓட்டி முடியுங்கள். சீட்டிங்கின் முகம் தட்டையாக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். 5.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குண்டு சரியான ஜோடி. பழைய பால்ரஸ் குண்டு ஒன்றைச் சீட்டிங்கில் வைத்து, அதன் மேல் பித்தளைக் கம்பியை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. வட்டமாக மயிரிழை அகலத்துக்கு ஒரு பளபளப்பு தெரியும். அந்தக் கோடு எங்கும் அறுபடாமல் இருந்தால் போதும். இரண்டாம் தட்டு தட்டினால் குண்டு நகர்ந்து இரட்டைக் கோடு விழலாம். தட்டிய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குண்டைப் போடுங்கள். பிறகு அந்த வால்வை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். நாக்கு நுனி ஒட்டிக்கொண்டு, மெல்லப் பத்து எண்ணும்வரை விடாமல் இருந்தால் சீட்டிங் தேறிவிட்டது.

குண்டு எவ்வளவு எழும்ப வேண்டும்? துளையின் பரப்பும் குண்டைச் சுற்றித் திறக்கிற வழியின் பரப்பும் சமமாக இருக்க, துளை விட்டத்தில் கால் பங்கு எழும்பினால் போதும். 4 மி.மீ. துளைக்கு 1 மி.மீ. பழைய ஆங்கிலேயக் கைவினைஞர்கள் 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. என்று வைப்பார்கள். நானும் அதையே சொல்வேன். 100 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்றால் அச்சு நிமிடத்துக்கு 420 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பது 0.07 வினாடி. 1 மி.மீ. எழும்பிய குண்டு தன் எடையால் தண்ணீரில் இறங்க 0.015 வினாடியாவது ஆகும். 3 மி.மீ. எழும்ப விட்டால் 0.026 வினாடிக்கு மேல். ஸ்ட்ரோக்கில் மூன்றில் ஒரு பங்கு நேரம் வழி திறந்தே கிடக்கும், தள்ளிய தண்ணீர் திரும்பி வந்துவிடும். மெதுவாகக் கையால் சுற்றும்போது நன்றாகத் தள்ளுகிற பம்பு, ஓட்டத்தில் ஏமாற்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அளப்பது சுலபம். குண்டின் தலை உடம்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரின் வால் பக்கத்தால் அளந்து, மூடியின் உள்முனையை அதைவிட 0.8 மி.மீ. குட்டையாகக் கடைந்தால் முடிந்தது.

இன்னொன்று. எழும்பிய குண்டு மேலே உள்ள வழியையே போய் அடைத்துவிடக் கூடாது. கீழ்க் குண்டுக்கு மேலே உள்ள துளையின் விளிம்பில் ஊசி அரத்தால் குறுக்காக நான்கு வெட்டு போடுங்கள். மேல் மூடியின் முனையிலும் அப்படியே. இதை மறந்த பம்பு மெதுவாக ஓட்டினால் தள்ளும். வேகமெடுத்தால் தன் குண்டாலேயே மூச்சடைத்து நிற்கும்.

கிளாண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராஃபைட் தடவிய கயிறோ, டெஃப்ளான் நாடாவை முறுக்கிச் சுற்றியதோ, ஓ-ரிங்கோ, எதுவும் சரி. நட்டை விரலால் இறுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் திருப்பினால் போதும். கிளாண்டு ஒரு சொட்டு ஒழுகுவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. தண்ணீரை வெளியே விடுகிற அதே இடுக்கு, பிளஞ்சர் பின்வாங்கும்போது காற்றை உள்ளே விடுகிறது. காற்று உள்ளே வந்தால் என்னாகும் என்று முன்பே பார்த்துவிட்டோம்.

அடுத்து, பம்பை எஞ்சினில் பூட்டுவதற்கு முன் மேசையில் வைத்துப் பாருங்கள். சக்ஷனிலும் டெலிவரியிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சக்ஷன் டியூபில் தண்ணீர் முன்னேறி, பிளஞ்சர் அழுத்தும்போது டம்ளர் பக்கம் திரும்பி ஓடினால், கீழ்க் குண்டு உட்காரவில்லை. டெலிவரி டியூபில் ஏறிய தண்ணீர், பிளஞ்சர் பின்வாங்கும்போது கூடவே இறங்கினால், குற்றம் மேல் குண்டில். கழற்றாமலே எந்தக் குண்டு என்று கண்ணால் தெரிந்துவிடும். பிறகு டெலிவரிக்குச் செம்புக் குழாய் மாற்றி, பிரஷர் கேஜும் ஊசி வால்வும் இணைத்து, ஊசி வால்வைச் சிறிது சிறிதாக மூடி 5 கிலோவரை ஏற்றுங்கள். பம்பை நிறுத்திய உடனே ஊசி வால்வை முழுக்க மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். சடாரென்று விழுந்தால் திரும்பவும் சீட்டிங்குக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஊசி வால்வை முழுக்க மூடிவிட்டுப் பம்பை ஓட்டாதீர்கள். இது விசிறி போட்ட மோட்டார் பம்பு மாதிரி உள்ளேயே சுழன்றுகொண்டிருக்காது. தள்ளிய தண்ணீருக்கு வழி இல்லையென்றால் குழாய் வெடிக்கும், இல்லையென்றால் எக்சென்ட்ரிக் பட்டை வளையும். பைபாஸுக்கும் பாய்லருக்கும் நடுவே மூடக்கூடிய வால்வு வைக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

எஞ்சினில் பூட்டிய பிறகு, பைபாஸ்தான் உங்கள் கைப்பிடி. கிளம்பும்போது முழுக்கத் திறந்து வையுங்கள். எதிர் அழுத்தம் இல்லாததால் குழாயில் உள்ள காற்றெல்லாம் தொட்டிக்குப் போய்விடும். திரும்பி வரும் தண்ணீர் துடித்துத் துடித்து விழுவது கண்ணில் பட வேண்டும். அதற்காகவே பைபாஸ் குழாயின் வாயைத் தொட்டி மூடிக்கு நேர் கீழே வையுங்கள். குமிழி நின்று, தண்ணீர் மட்டும் விழ ஆரம்பித்ததும் பைபாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, கேஜ் கிளாஸில் மட்டம் ஏறவும் இறங்கவும் இல்லாத நிலையில் விட்டுவிடுங்கள். ஏற்றம் வந்தால் இன்னும் சற்று மூடலாம்.

ஓடிக்கொண்டிருந்த பம்பு நடுவில் நின்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டெலிவரிக் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பம்பு பக்கம் வரை கொதிக்கிறது என்றால், பாய்லர் வாயில் உள்ள செக் வால்வு ஒழுகுகிறது. வெந்நீர் பின்னோக்கி வந்து பம்புக்குள் ஆவியாகிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும், உப்பு அந்தச் சீட்டிங்கில்தான் முதலில் படியும். பாய்லருக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைப்பது நல்லது. தொட்டியே சூடாகியிருந்தால் அதுவும் பிரச்சினை. உறிஞ்சும்போது வெந்நீர் ஆவியாகி, பிளஞ்சருக்கு முன்னால் தண்ணீருக்குப் பதில் ஆவி நிற்கும். தொட்டியின் வாயில் நெருக்கமான பித்தளை வலை ஒன்றும் கட்டாயம் வேண்டும். குண்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் இதுவரை சொன்ன வேலையெல்லாம் பாழ்.

அச்சு பம்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், கூடவே ஒரு கைப்பம்பு இல்லாமல் எஞ்சினை வெளியே எடுக்காதீர்கள். நிற்கிற எஞ்சினுக்கு அது ஒன்றுதான் துணை. அதே கைப்பம்பால்தான் பாய்லரையும் சோதிக்க முடியும். பிரிட்டனின் மாடல் சங்கங்களில் புதிய பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர்ச் சோதனை, பிறகு வரும் மறுசோதனைகளில் ஒன்றரை மடங்கு என்று வைத்திருக்கிறார்கள். 5 கிலோ பாய்லருக்கு 10 கிலோ. காற்றடித்துச் சோதிப்பது கூடவே கூடாது. தண்ணீர் நிறைந்த பாய்லரில் விரிசல் விட்டால் கசிந்து நின்றுவிடும், காற்றடைத்தது வெடிகுண்டாகிவிடும்.

நம் நாட்டுப் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. நாம் கட்டுவது இரண்டு, மூன்று லிட்டர். எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்க்கப்போவதில்லை, கட்டியவரே இன்ஸ்பெக்டர். எஞ்சினுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் உட்காரப்போவது பெரும்பாலும் குழந்தைகள். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாய்லர் 10 கிலோ தண்ணீர்ச் சோதனையில் தேறும்வரை, அச்சு பம்பு மேசை மேல் 5 கிலோவைப் பிடித்து நிற்கும்வரை, கைப்பம்பு ஒரு சில அடியிலேயே தண்ணீர் ஏற்றிக் காட்டும்வரை, எஞ்சினில் தீ மூட்டாதீர்கள்.